நாலு மாதம் வாடாத கள்ளிப் பூ

சேலம் அழகாபுரத்திலிருந்து ஒரு அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இது. அவர் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஏற்காடு போனபோது சாலையோரக் கடை ஒன்றில் உருண்டையாக ஒரு கள்ளிச்செடி வாங்கியிருக்கிறார். உச்சியில் ரோஸ் நிறத்தில் ஒரு பூ. அந்தப் பூ நாலு மாதம் வாடவே இல்லை. ஒரு நாள் அப்படியே கழன்று விழுந்துவிட்டது. அதற்கப்புறம் இன்றுவரை ஒரு மொட்டுகூட இல்லை. செடி சாகவில்லை, சுற்றிலும் குட்டி குட்டியாகப் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தவறாமல் தண்ணீர் விடுகிறார். ஏற்காட்டில் இருக்கும் நாத்தனார் வீட்டில் பிரம்ம கமலம் மட்டும் வருடா வருடம் பூக்கிறதாம். "அதுவும் கள்ளி வகைதான் என்கிறார்கள், என்னுடையது மட்டும் ஏன் பூக்க மாட்டேன் என்கிறது?" என்பது கேள்வி. கூடவே செடியின் படமும் வந்திருந்தது.

முதலில் கொஞ்சம் கசப்பான செய்தி. நீங்கள் வாங்கும்போது பார்த்த பூ அந்தச் செடியின் பூவே இல்லை. எந்தக் கேக்டஸ் பூவும் நாலு மாதம் நிற்காது. சில வகைகளில் ஒரு ராத்திரி, சிலவற்றில் ஐந்தாறு நாள், அவ்வளவுதான். உங்கள் செடியின் உச்சியைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். முள்ளுக்கு நடுவே பழுப்பேறிய கண்ணாடி மாதிரி ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் கீறினால் ரப்பர் போல வரும். அது சூட்டில் உருக்கி ஒட்டும் பசை. அதன்மேல் காகிதப்பூ என்று நாம் சொல்லும் காய்ந்த பூவை வைத்து அழுத்திவிடுவார்கள். (போகன்வில்லாவைச் சொல்லவில்லை, கையில் எடுத்தால் சரசரவென்று வைக்கோல் மாதிரி இருக்குமே, அந்தப் பூ.) இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பூவின் இதழ் மாதிரித் தெரிகிற செதில்கள் செத்த பிறகும் ஈரக்காற்றில் மூடிக்கொள்ளும், காய்ந்தால் விரியும். ஏற்காட்டுப் பனியில் காலையில் குவிந்து பத்து மணி வெயிலுக்கு விரிந்தால், உயிருள்ள பூ இல்லை என்று யார் நம்புவார்கள்? நானும் ஒரு தடவை ஏமாந்தவன்தான். பசையைப் பிய்க்க வேண்டாம்; தோல் கிழிந்து அந்த இடத்தில் அழுகல் பிடிக்கும். செடி வளர வளர அது பக்கத்துக்கு நகர்ந்து தானாக உதிரும்.

சரி, இனி நல்ல செய்தி. படத்தில் இருப்பது பூக்கவே பூக்காத ரகம் இல்லை. கரும்பச்சை உருண்டை, மேலிருந்து கீழாகப் பத்துப் பன்னிரண்டு மேடுகள், மேட்டின் விளிம்பில் வரிசையாகப் பஞ்சுப் புள்ளிகள், புள்ளிக்குள் குட்டை முள், இடுப்பைச் சுற்றிக் குட்டிகள். இது எக்கினாப்சிஸ். அதிலும் ஆக்சிகோனா என்ற இனம், அல்லது அதன் கலப்பு. சொந்த ஊர் தென் பிரேசில், உருகுவே, வடகிழக்கு அர்ஜென்டினா. 1837-இல் சுக்காரினி என்ற ஜெர்மன் தாவரவியலாளர் இந்தப் பேரினத்துக்கு வைத்த பெயருக்கு முள்ளெலி போன்றது என்று பொருள். பெயர் முரட்டுத்தனமாக இருந்தாலும், பூ வந்தால் நம்ப மாட்டீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் பராமரிப்பில் பாதித் தப்பு இந்தக் குழப்பத்தில்தான் வருகிறது. நம் ஊரில் கள்ளி என்றால் சதுரக்கள்ளி, திருகுகள்ளி, கொம்புக்கள்ளி. வேலி ஓரத்தில், கரட்டில், சுடுகாட்டுப் பக்கத்தில் இருப்பவை. சங்கப் பாட்டில் வரும் கள்ளியும் இந்தச் சாதிதான். ஒடித்தால் பால் வரும். கண்ணில் பட்டால் ஆபத்து. இவை கேக்டஸ் இல்லை, ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கேக்டஸ் குடும்பம் மொத்தமும் அமெரிக்கக் கண்டங்களின் சொத்து. ஒரே ஓர் இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாக இருக்கிறது. எது கேக்டஸ் என்று கண்டுபிடிக்க, முள் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். பஞ்சு வைத்த ஒரு சின்ன மெத்தையிலிருந்து கிளம்பினால் கேக்டஸ். நேராகத் தோலிலிருந்து கிளம்பி, குத்தினால் பாலும் வந்தால் அது நம் கள்ளி. அடீனியம் இரண்டிலும் சேராது, அது அரளிக்குச் சொந்தக்காரன்.

அப்போ சப்பாத்திக்கள்ளி? அது அசல் கேக்டஸ், ஆனால் வந்தேறி. அதைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் விட மனமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குச் சிவப்புச் சாயம் வேண்டியிருந்தது. அந்தச் சாயத்தைக் கொடுப்பது சப்பாத்திக்கள்ளியில் வாழும் ஒரு பூச்சி. சென்னை சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் இதற்காகவே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்து சேர்ந்தது, ஆனால் வந்தது வேறு இனம், சாயம் மட்டம். செடியை மட்டும் நன்றாகத் தின்றது. பின்னால் இன்னொரு சப்பாத்திக்கள்ளி இனம் தென்னாட்டில் காடாக மண்டியபோது, 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வருடங்களில் கள்ளிக்காடு ஒடுங்கிவிட்டது. இன்றைக்கும் சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருப்பதை விரலால் நசுக்கினால் ரத்தம் மாதிரிச் சிவக்கும். சின்ன வயதில் இதைச் செய்யாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. உங்கள் மாடிச் செடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினால் அது பெரும்பாலும் மாவுப்பூச்சி, நசுக்கினால் அந்த ரத்தச் சிவப்பு வராது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தால் போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் செடி பூக்காததற்குக் காரணம் உங்கள் அன்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் என்றால், அது பூக்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

சேலத்துக்காரருக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். மாந்தோப்பு வைத்திருக்கும் யாரையாவது கேளுங்கள். ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு மாமரத்துக்குத் தண்ணீர் கட்டுவார்களா? மாட்டார்கள். அந்த நேரத்தில் ஈரம் இருந்தால் மரம் கொழுந்து விட்டுவிடும், பூ விடாது. காயப் போட்டால்தான் மார்கழி, தையில் பூங்கொத்து வரும். மேலே ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் கேட்டாலும் இதையேதான் வேறு வார்த்தையில் சொல்வார்கள். பனிக்காலம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் காப்பிச் செடியில் மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழும், அதற்குப் பெயரே பூ மழை. விழுந்து எட்டுப் பத்து நாளில் மலை முழுக்க வெள்ளையாகப் பூத்து மல்லிகை வாசம் அடிக்கும். காய்ச்சல், பிறகு ஒரு நனைப்பு. உங்கள் எக்கினாப்சிஸுக்கும் வேண்டியது இதுவேதான். அதன் சொந்த ஊரில் குளிர்காலம் நன்றாகவே குளிரும். அந்த ஓய்வில்தான் மொட்டுக்கு அடி போடும். சேலத்தில் குளிர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அதனால் வறட்சியைக் கொஞ்சம் கறாராகக் கொடுத்துத்தான் அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டும்.

கணக்கு வைத்துக்கொள்ள நான் கையாளும் வழி இது. திருக்கார்த்திகைக்கு விளக்கு வைக்கும் அன்று தண்ணீர்க் குவளையை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். மகா சிவராத்திரிக்குத்தான் திரும்ப வெளியே எடுப்பேன். நடுவில் ஏறக்குறைய மூன்று மாதம். கை நிறையும் அளவுள்ள உருண்டைக்கு இந்த மூன்று மாதமும் ஒரு சொட்டு வேண்டாம். எலுமிச்சை அளவு சின்னச் செடி என்றால் மாதம் ஒரு முறை தொட்டி ஓரத்தில் இரண்டு ஸ்பூன். தை மாதத்தில் செடியைப் பார்த்தால் உங்களுக்குப் பாவமாக இருக்கும். வயிறு ஒட்டிப்போய், மேடுகள் கூர்மையாகி, அடியில் மண்ணுக்குள் கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கும். நிறமும் மங்கும். அப்போது மனசு கேட்காமல் ஒரு டம்ளர் ஊற்றினீர்களோ, இரண்டு மாத உழைப்பு வீண். சுருங்குவது வேறு, கொழகொழப்பது வேறு. தொட்டால் கெட்டியாக இருக்கும்வரை பயமில்லை.

சிவராத்திரி முடிந்து முதல் தண்ணீரைச் சாயங்காலம் கொடுங்கள், அடி ஓட்டையில் வழியும் அளவுக்கு. சாயங்காலம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மற்றச் செடிகள் பகலில் மூச்சு விடும், கேக்டஸ் ராத்திரியில்தான் இலைத்துளை மாதிரியான தன் சின்ன வாசல்களைத் திறக்கும். இரவெல்லாம் கரியமில வாயுவை உள்ளே இழுத்து அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, பகலில் வாசலை அடைத்துவிட்டு அதை வைத்துச் சமைக்கும். பகல் வெயிலில் ஈரம் போகாமல் இருக்க அது கண்டுபிடித்த வழி. உச்சிவெயிலில் சுட்டுக்கிடக்கும் தொட்டியில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டுவது அதற்கு உதவாது, வேருக்குக் கெடுதல். இரண்டாவது தண்ணீர் பத்து நாள் கழித்து. அதற்குள் செடி மறுபடி உப்பியிருக்கும். அப்புறம் மண் அடிவரை காய்ந்ததா என்று ஒரு ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்துவிட்டு ஊற்றினால் போதும், நாள் கணக்கு தேவையில்லை.

இனி மழை. கேக்டஸ் வெயிலில் சாகும் என்று பயப்படுகிறவர்கள் அதிகம். நான் பார்த்தவரை சேலத்தில் வெயிலில் செத்தது பத்தில் ஒன்று, மீதி ஒன்பதும் ஆவணியிலிருந்து ஐப்பசிக்குள் மழையில் போனவை. எனக்கே ஒரு வருடம் நடந்தது. கல்யாணத்துக்காகத் தர்மபுரி போய் மூன்று நாள் தங்கிவிட்டேன். மாடியில் இருபதுக்கு மேல் தொட்டிகள், மேலே வெறும் பச்சை வலைதான். மூன்று ராத்திரியும் மழை. திரும்பி வந்தபோது எல்லாம் பளபளவென்று அழகாக இருந்தன, சந்தோஷப்பட்டேன். பத்து நாள் கழித்து ஒன்றின் அடியில் தேன் நிறத்தில் ஒரு புள்ளி. விரலை வைத்தேன், விரல் உள்ளே போய்விட்டது. உள்ளே பழைய பரங்கிக்காய் நாற்றம். அந்த மாதத்தில் பதினோரு செடி போயின, எட்டு வருடத்து உருண்டை ஒன்றையும் சேர்த்து. பச்சை வலை வெயிலைத்தான் வடிக்கும், மழையை வடிக்காது என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். இருந்தும் நடந்தது. அந்த வாரமே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு போட்டேன். உங்கள் வீட்டில் சன்ஷேடு நீண்டிருந்தால் அதற்கு அடியில் நகர்த்தினாலே போதும், ஆனால் வெயில் படும் பக்கமாக.

அழுகல் ஆரம்பத்திலேயே கண்ணில் பட்டால் காப்பாற்றலாம். கத்தியைத் தீயில் காட்டி ஆறவைத்து, அழுகலுக்கு மேலே வெட்டுங்கள். வெட்டு முகத்தின் நடுவில் நாணயம் அளவு ஒரு வட்டம் தெரியும், அதுதான் உயிர்நாடி. அதில் பழுப்பு நிறம் ஒரு கீற்று இருந்தாலும் இன்னும் மேலே வெட்ட வேண்டும்; வெள்ளையும் பச்சையுமாகச் சுத்தமாக வரும்வரை நிறுத்தாதீர்கள். கந்தகத்தூள் தடவி, நிழலில் இரண்டு வாரம் தலைநிமிர்த்திக் காயவைத்து, பிறகு காய்ந்த மணல்மேல் வைத்தால் வேர் விடும். அடி போனாலும் குட்டிகள் நன்றாக இருந்தால் அவற்றைப் பிரித்துக்கொள்ளலாம்.

மண்ணைப் பற்றி. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொட்டி மாற்றவில்லை என்று நினைக்கிறேன், படத்தில் அதே கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள் இருப்பது பெரும்பாலும் வெறும் தேங்காய் நார்த்தூள். விற்கிறவருக்கு அது வசதி, எடை குறைவு. நமக்கு அது தொல்லை. நனைந்தால் நாள்கணக்கில் காயாது, முழுக்கக் காய்ந்தால் தண்ணீரை ஏற்றுக்கொள்ளாமல் ஓரமாக வழியவிடும். மாசி மாதம் தண்ணீர் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பு செடியை எடுத்து, நார்த்தூளை விரலால் உதிர்த்துவிட்டு, வேரை நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். செடியைவிட ஒரு விரல்கடை மட்டும் அகலமான மண்தொட்டி போதும். பெரிய தொட்டி கொடுத்தால் சுகமாக இருக்கும் என்பது கேக்டஸுக்குப் பொருந்தாது, வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி அழுகல் வரும். கலவை என்றால் ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு பட்டாணி அளவில் உடைத்த செங்கல்லும் பருமனான மணலும், அரைப் பங்கு மக்கிய உரம். ஆற்று மணல் இப்போது எங்கே கிடைக்கிறது? எம்-சாண்ட் போடுங்கள், ஆனால் நாலு தண்ணீர் அலசிய பிறகு. அதில் இருக்கும் மாவு போன்ற தூள் போகாவிட்டால் கலவை சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

தண்ணீரும் சேலத்தில் ஒரு விஷயம். வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் மேக்னசைட்டைத் தோண்டி எடுக்கும் ஊர் இது. பல வீடுகளில் போர் தண்ணீர் கடினமானது, வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் வெள்ளையே சாட்சி. அந்த வெள்ளை தொட்டி மண்ணிலும், செடியின் கழுத்திலும் வருடக்கணக்கில் படியும். கேக்டஸுக்குக் கொஞ்சம் புளிப்பான மண்தான் பிடிக்கும். உப்பு ஏறிய மண்ணில் உரம் இருந்தும் அதை வேரால் எடுக்க முடியாது, உச்சி மஞ்சளாகிவிடும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் தனியாகப் பிடித்து வையுங்கள், மழைத்தண்ணீர் இன்னும் நல்லது, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் ஆகும். சுத்திகரிப்பு மெஷினிலிருந்து வெளியே விடும் கழிவுத் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

வெயில் ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் நேராகப் படவேண்டும். வரவேற்பறை மேஜைமேல் வைத்தால் செடி உயிரோடு இருக்கும், உச்சி மட்டும் கூம்பு மாதிரி நீளும், பூ வராது. கிழக்குப் பார்த்த மாடி ஓரம் மிகவும் நல்லது. சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியை ஒட்டும்போது பதினொன்று முதல் மூன்று வரை வலை கட்டுங்கள். உள்ளே இருந்த செடியை ஒரே நாளில் மாடிக்குக் கொண்டுபோனால் தோல் வெந்து, தேமல் மாதிரி வெளுத்த தழும்பு விழும். அது ஆறாது. ஒரு வாரம், பத்து நாள் என்று பழக்கிக் கொண்டுபோங்கள்.

குட்டிகள் விஷயம். இந்த எக்கினாப்சிஸை நூறு வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்கக் குட்டியைப் பிய்த்துப் பிய்த்தே பெருக்கி வருகிறார்கள். அதிகம் குட்டி போடும் செடிதான் அதிகம் கைமாறும் இல்லையா? அதனால் குட்டி போடும் குணமே தூக்கலாக இருக்கும் ரகங்கள் நிறையப் புழங்குகின்றன. அதற்கு மேல் நீங்கள் தழைச்சத்து உரம் வேறு போட்டால், கேட்கவே வேண்டாம். யூரியா, புதுச் சாணம் எதுவும் கூடாது. மாசி முதல் ஆனி வரை மாதம் ஒரு தடவை, சாம்பல் சத்து கூடுதலாக உள்ள, தக்காளிச் செடிக்கென்று விற்கும் உரத்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவில் பாதியாகக் கரைத்து ஊற்றினால் போதும். குட்டிகளில் இரண்டை மட்டும் விட்டு மற்றதைத் திருகி எடுத்துவிடுங்கள். திருகினால் சுலபமாக வரும், சில குட்டிகள் தாய்மேல் இருக்கும்போதே வேர் வைத்திருக்கும். தாயின் பலம் பூவுக்குத் திரும்பும்.

நாத்தனார் வீட்டுப் பிரம்ம கமலத்தோடு இதை ஒப்பிட வேண்டாம். அதுவும் கேக்டஸ்தான், ஆனால் பாலைவனத்துக் கேக்டஸ் இல்லை. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் மழைக்காட்டு மரங்களில் தொற்றி வளர்வது. நாம் இலை என்று நினைப்பது அதன் தண்டு. நிழலும் ஈரக்காற்றும் அதற்குச் சொர்க்கம். ஏற்காட்டில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மேகம் வீட்டு வாசலுக்கே வரும்போது அது பூக்காமல் என்ன செய்யும்? பெயரும் அதற்கு இரவல்தான். நிஜமான பிரம்ம கமலம் இமயமலையில் வளரும், சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. உங்கள் செடிக்குக் கொடுக்கும் வைத்தியத்தை நாத்தனார் அதற்குச் செய்தால் அது சுருண்டுவிடும், அவருடைய வைத்தியத்தை நீங்கள் செய்தால் உங்களுடையது அழுகிவிடும்.

ஆனால் ஏற்காட்டுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு, அதைப் பலரும் பயன்படுத்துவதில்லை. மார்கழி, தை இரவுகளின் குளிர். மேலே கூரை போட்டு மழையையும் பனியையும் தடுத்துவிட்டால், குளிரும் வறட்சியும் சேர்ந்த அசல் ஓய்வு அங்கேதான் கிடைக்கும். மம்மிலேரியா என்ற கேக்டஸ் வகைகள் எல்லாம் அங்கே உச்சியைச் சுற்றிக் கிரீடம் வைத்த மாதிரிப் பூக்கும். சேலத்து வெப்பத்துக்கு ஏற்றது மெலோகாக்டஸ். கரீபியன் தீவுகளிலும் பிரேசிலிலும் வளர்வது, குளிர் ஆகாது. சில வருடம் சாதாரண உருண்டையாக வளர்ந்து, வயதுக்கு வந்ததும் உடல் வளர்ச்சியை நிறுத்திவிட்டு உச்சியில் சிவப்புக் கம்பளித் தொப்பி ஒன்றை வளர்க்கும். அந்தத் தொப்பிக்குள்ளிருந்து சாயங்காலம் சின்னச் சின்ன ரோஸ் பூ எட்டிப் பார்க்கும், பின்னாலேயே சின்ன மிளகாய் மாதிரிப் பழம் துருத்திக்கொண்டு வரும். அடுத்து வாங்குவதாக இருந்தால் அதை வாங்குங்கள்.

வாங்கக் கூடாதது எது என்றும் சொல்லிவிடுகிறேன், பூவுக்காக வாங்குவதாக இருந்தால். பச்சைக் காம்பின்மேல் சிவப்பாகவோ மஞ்சளாகவோ உருண்டை உட்கார்ந்திருக்குமே, அதன் நிறமே பூ என்று நினைத்து வாங்குகிறார்கள். அது பச்சையம் இல்லாத செடி. தனியாக வாழ முடியாது என்பதால் டிராகன் பழக் கொடியின் தண்டில் ஒட்டுக்கட்டியிருக்கிறார்கள். 1940-களில் ஜப்பானில் ஒரு நாற்றங்காலில் தோன்றிய விநோதம். சில வருடத்தில் இரண்டுக்கும் ஒத்துவராமல் போய்விடும். பெரிய மஞ்சள் முள் உருண்டை, தங்கப் பீப்பாய், அழகுதான். வெள்ளைக்காரர்கள் அதற்கு மாமியார் நாற்காலி என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், யார் வீட்டுக் கோபமோ. ஆனால் அது குடம் அளவு ஆகாமல் பூக்காது, பதினைந்து இருபது வருடம் காத்திருக்க வேண்டும். நம் ஊர் ஓட்டல் வாசல்களில்கூட இருக்கும் அந்தச் செடி, சொந்த ஊரான மெக்சிகோவில் அழியும் நிலையில் இருக்கிறது. 1990-களில் அங்கே கட்டிய ஓர் அணை அதன் மலைச்சரிவுகளை மூழ்கடித்துவிட்டது.

இப்போது நான் சொன்ன பூ. சிவராத்திரி கழித்துத் தண்ணீர் தொடங்கிய சில வாரத்தில், உருண்டையின் பக்கவாட்டில், குட்டி வருகிற இடத்தைவிடக் கொஞ்சம் மேலே, ஒரு பஞ்சுப் புள்ளி மட்டும் கறுத்து உப்பும். குட்டி என்றால் பச்சையாக, வழவழப்பாக, முள்ளோடு வரும். மொட்டு என்றால் சாம்பல் நிற முடி போர்த்தி எலிக்குஞ்சு மாதிரி இருக்கும். மூன்று வாரம் அப்படியே உட்கார்ந்திருக்கும், பிறகு திடீரென்று நீள ஆரம்பிக்கும். கடைசி நாலைந்து நாளில் ஒரு சாண் நீளத்துக்குக் குழல் விட்டு, நுனி வெளுத்து மேலே நிமிரும். அந்தச் சமயத்தில் தொட்டியைத் திருப்பாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். படம் எடுக்க என்று வெளிச்சத்துக்குத் திருப்பி நான் இழந்த மொட்டுகள் மூன்று.

நுனி விரல் பருமன் ஆகிவிட்டால் அன்று சாயங்காலம் வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். இருட்டியதும் வெளி இதழ்கள் பின்னுக்கு வளையும், ஒன்பது மணி வாக்கில் முழுதாக விரிந்துவிடும். உள்ளங்கை அகலம், வெளிறிய ரோஸ், தொண்டைக்குள் பச்சை. லேசான வாசனை, மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் தெரியும். சொந்த ஊரில் நீண்ட குழல் நாக்கு உள்ள பெரிய அந்துப்பூச்சிகளுக்காக இந்த நீளக் குழல். அந்தக் குடும்பத்துப் பூச்சி நம் மாடிக்கும் வரும். ஒரு முறை டார்ச் வெளிச்சத்தில் ஒன்று தேன்சிட்டு மாதிரி நின்ற இடத்திலேயே பறந்து குடித்ததைப் பார்த்தேன். விதை பெரும்பாலும் பிடிக்காது, அதற்கு வேறொரு வம்சத்து எக்கினாப்சிஸ் அதே ராத்திரி பூக்க வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்கும் பூ கம்பீரமாக நிற்கும். பங்குனி வெயிலில் பத்து மணிக்குத் துவளும். நண்பகலில் ஈரத்துணி மாதிரித் தொங்கும்.

அதனால் நாத்தனாருக்குக் காட்ட வேண்டும் என்றால் மொட்டு நிமிர்ந்த அன்றே போன் செய்துவிடுங்கள். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். காலையில் வருகிறேன் என்றால் கேட்காதீர்கள், ராத்திரியே வரச் சொல்லுங்கள். திரும்பும்போது திருகி எடுத்த குட்டிகளில் நாலைக் கொடுத்து அனுப்புங்கள். மண்ணில் வைக்கும் முன் ஒரு வாரம் காயட்டும், மழை படாத திண்ணையில் வைக்கட்டும், பிரம்ம கமலத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது இதற்கும் சேர்த்து ஊற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.